மோட்டார் மேல் பழி போடாதீர்!
வைப்பர் கோளாறு: கண்டறிதலும் சரிசெய்தலும்

- இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், துணுக்கு இருக்கும், ஜோக் இருக்கும். நடுவில் கிரீஸ் வாடையோடு ஒரு கட்டுரையும் இருந்துவிட்டுப் போகட்டுமே! "இன்ஜின் பற்றி எழுதேன், டர்போ பற்றி எழுதேன், போயும் போயும் வைப்பரா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கணியம்பாடி தாண்டினால் கண்ணமங்கலம். ஆரணி ரோடு பிரிவது இங்கேதான். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. நம் பக்கத்து வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை; வேலூரையே 'வெயிலூர்' என்று கேலி செய்கிறவர்கள் நாம். சித்திரை, வைகாசியில் அந்த வெயிலில் நிற்கிற காரில், சுடுகிற கண்ணாடி மேல் படுத்துக்கிடப்பது வைப்பர் ரப்பர். ஆடி, ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்து, இடியோடு மழை கொட்டும். அப்போதுதான் டிரைவருக்கு வைப்பர் ஞாபகமே வரும். ஸ்விட்சைப் போட்டால்... ஒன்று ஓடாது, அல்லது ஓடியும் துடைக்காது!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. கண்ணாடி இரண்டு வினாடி மங்கினால், 33 மீட்டர் தூரம் டிரைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். எதிரே லைட் போடாத மாட்டுவண்டி இருக்கலாம், டயர் வெடித்து நிற்கும் லாரி இருக்கலாம். ராத்திரியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் வாடகைக் காருக்கு, இன்ஜின் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்த வைப்பர்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-வது விதி, முன்கண்ணாடி உள்ள வண்டிகளில் திறமையாக வேலை செய்யும், விசையால் இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாற்றுத் திறனாளிகளின் மூன்று சக்கர வண்டிக்கும் உண்டு.

சரி, கோளாறு வந்தால் பட்டறையில் என்ன நடக்கிறது? "மோட்டார் பூடுச்சிங்கண்ணா, புதுசு போட்டுடலாம்." ஒரே தீர்ப்பு! ஃபியூஸ் விலை ஒரு டீ விலை. மோட்டார் விலை ஆயிரக்கணக்கில். புது மோட்டார் போட்ட பிறகும் வைப்பர் ஓடாமல் நின்றால்? வண்டிக்காரருக்குப் பணம் நஷ்டம், நமக்கு மானம் நஷ்டம். ஆகவே இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: பாகத்தை மாற்றுவதற்கு முன் கோளாறைப் பிரித்துப் பார். நோய் எது, அதன் காரணம் எது, தீர்க்கும் வழி எது என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்த வரிசை, வண்டிக்கும் பொருந்தும்.

கொஞ்சம் பழைய கதை

வைப்பருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி. ஆண்டு 1903. வண்டிக்குள் இருந்தபடியே கையால் ஒரு லீவரை ஆட்டி, வெளியே கண்ணாடியைத் துடைக்கும் ஏற்பாடு அது.

பிறகு வந்தது வாக்குவம் வைப்பர். இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டில் கிடைக்கும் உறிஞ்சு விசையால் ஓடுவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மேனிஃபோல்டில் வாக்குவம் குறைந்துவிடும், வைப்பரும் நொண்டும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில், மழையில், அப்படி ஒரு வண்டியைக் கற்பனை செய்யுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வைப்பர் தூங்கும்! எங்கே அதிகம் தேவையோ அங்கே கைவிடும். மின்மோட்டார் வைப்பர் இந்தக் குறையைத் தீர்த்தது. நம் தமிழ்நாட்டிலேயே, 1961-இல் தொடங்கி சென்னை பாடியில் இயங்கிவரும் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் வைப்பர் மோட்டார்களைத் தயாரிக்கிறது.

தூறலுக்கு விட்டுவிட்டு ஓடும் 'இன்டர்மிட்டன்ட்' வைப்பருக்கு 1964-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். கண் இமைப்பது போலத் துடைத்தால் என்ன என்பது அவர் யோசனை. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மூன்றையும் சேர்த்து அந்த 'இமைப்பை' உண்டாக்கினார். கார் கம்பெனிகளோடு பல வருஷம் வழக்காடி, 1990-இல் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து சுமார் ஒரு கோடி டாலர் பெற்றார். நாம் லேபில் அலுத்துக்கொண்டே செய்கிற ஆர்-சி சர்க்யூட்டுக்கு இப்படியும் ஒரு மரியாதை!

உள்ளே என்ன இருக்கிறது?

பேட்டரி – ஃபியூஸ் – ஸ்விட்ச் (சில வண்டிகளில் நடுவில் ரிலே) – மோட்டார். இது கரண்ட் போகும் பாதை.

மோட்டார் – வார்ம் கியர் – கிராங்க் – லிங்க் ராடுகள் – ஸ்பிண்டில் – ஆர்ம் – பிளேடு – ரப்பர். இது விசை போகும் பாதை.

இரண்டு பாதையும் சந்திக்கிற இடம் மோட்டார். அதனால்தான் எந்தப் பக்கம் தப்பு நடந்தாலும் பழி அதன் மேல் விழுகிறது.

முதல் சோதனை: காது!

டூல் பாக்ஸைத் திறப்பதற்கு முன் வண்டிக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள். "அண்ணே, திடீர்னு நின்னுச்சா, கொஞ்சம் கொஞ்சமா ஸ்லோ ஆச்சா? ரெண்டு பிளேடும் நின்னுச்சா, ஒண்ணா? நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் வந்துச்சா? கடைசியா யார் கை வெச்சாங்க?" பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைச் சோதிக்கக் கூடாது. தூசி கண்ணாடியைக் கீறும், ரப்பரும் கிழியும். பிறகு இக்னிஷன் சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், வைப்பர் ஸ்விட்சைப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

1. மோட்டார் சத்தம் வருகிறது, பிளேடு அசையவில்லை – கோளாறு விசைப் பாதையில்.
2. சத்தமே இல்லை – பெரும்பாலும் கோளாறு கரண்ட் பாதையில்.
3. ஓடுகிறது, ஆனால் துடைக்கவில்லை – பிளேடு, ஆர்ம், கண்ணாடி.
4. மெதுவாக ஓடுகிறது – இரண்டு பாதையில் எதுவாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க வேண்டும்.
5. ஆஃப் செய்தால் கண்ணாடி நடுவில் நிற்கிறது, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது – பார்க்கிங் ஸ்விட்ச் பக்கம் பாருங்கள்.

இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்தால் போதும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சத்தம் உண்டு, அசைவு இல்லை

ஆர்மின் அடியில் உள்ள நட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பிண்டிலில் நுணுக்கமான பற்கள் இருக்கும். அவற்றின் மேல் ஆர்ம் உட்கார்ந்து, நட்டால் இறுக்கப்படுகிறது. நட்டு தளர்ந்தால் ஸ்பிண்டில் மட்டும் சுற்றும், ஆர்ம் சும்மா இருக்கும். கம்பி பிரஷால் பற்களைச் சுத்தம் செய்து இறுக்கினால் வேலை முடிந்தது. ஆர்மின் உள்பற்கள் வழுவழுப்பாகி இருந்தால் ஆர்மை மாற்ற வேண்டும், மோட்டாரை அல்ல.

ஒரு பிளேடு ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கவே வேண்டாம். ஆர்ம் நட்டு சரியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் லிங்க் ராடின் பந்து மூட்டு கழன்றிருக்கும். அதில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தால் ராடு நழுவி விழுந்துவிடும். கம்பி வைத்துக் கட்டி அனுப்புகிற வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அடுத்த மழையில் அது அவிழும்.

இரண்டு பிளேடும் அசையவில்லை, மோட்டார் மட்டும் சுற்றுகிறது என்றால் கிராங்க் நட்டு தளர்வு, அல்லது மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கியரின் பல் போயிருக்கும். பல் ஏன் போகிறது? வார்ம் கியருக்கு ஒரு குணம் உண்டு. மோட்டார் கியரைச் சுற்றும், ஆனால் கியர் மோட்டாரைத் திருப்பிச் சுற்ற முடியாது. கார் கழுவும்போது ஆர்மைக் கையால் பிடித்துத் தள்ளினால், அந்த விசை முழுவதும் பிளாஸ்டிக் பல் மேல் விழுகிறது. ஆகவே ஆர்மைத் தூக்கலாம், பக்கவாட்டில் தள்ளக் கூடாது.

எச்சரிக்கை: லிங்கேஜில் கை வைக்குமுன் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். திடீரென்று ஓடினால் விரல் போய்விடும். பிளேடைக் கழற்றிய ஆர்மின் கீழே மடித்த துணி வையுங்கள். ஸ்பிரிங் விசையில் வெறும் இரும்பு கண்ணாடியில் அடித்தால் கண்ணாடி காலி!

சத்தமே இல்லை

வரிசை இதுதான்: ஃபியூஸ், மோட்டார் கப்ளர், எர்த், ஸ்விட்ச்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடுங்கள். சிகரெட் பேப்பர் ஜரிகை சுற்றுவது தீ வைப்பதற்குச் சமம். புது ஃபியூஸும் போய்விட்டால், வயர் எங்காவது பாடியில் உரசுகிறது, அல்லது ஸ்பிண்டில் துருப்பிடித்து இறுகி மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது.

ஃபியூஸ் சரியா? மோட்டார் கப்ளருக்குப் போங்கள். பொதுவாக ஐந்து வேலைக்கு வயர் இருக்கும்: நிரந்தர பாசிட்டிவ், லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு, பார்க்கிங், எர்த். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். எனவே வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுச் சோதியுங்கள்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். கப்ளரைக் கழற்றி மல்ட்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். "சப்ளை வருது, ஆகவே மோட்டார் அவுட்" என்று முடிவு கட்டிவிடுவோம். அவசரப்படாதீர்கள்! மீட்டர் எடுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. கரண்ட் ஓடாத இடத்தில் வோல்டேஜ் இழப்பும் இல்லை. நூல் போல ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும்.

ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.5 ஓம் தடை இருக்கிறது, மோட்டார் 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 4 × 0.5 = 2 வோல்ட். மோட்டாருக்குக் கிடைப்பது 10 வோல்ட்தான். ஆகவே கப்ளரை மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, சுமையோடு அளக்க வேண்டும். அல்லது பல்பு வைத்த டெஸ்ட் லாம்பைப் பயன்படுத்துங்கள். பல்பு கரண்ட் இழுக்கும். இணைப்பு கெட்டிருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். விலை உயர்ந்த மீட்டர் மறைத்ததைச் சின்ன பல்பு சொல்லிவிடும்!

எர்த்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வைப்பர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது, மோட்டாரின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.2, 0.3 வோல்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று, இரண்டு என்று காட்டினால் எர்த் மோசம். போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள். செலவு? கொஞ்சம் எமரி பேப்பர்.

மோட்டாரில் சுமையோடு முழு வோல்டேஜ் இருக்கிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது, அப்படியும் சுற்றவில்லையா? இப்போது சொல்லுங்கள், மோட்டார் போய்விட்டது என்று. சப்ளையே வரவில்லை என்றால் பின்னோக்கிப் போய் ரிலே, ஸ்விட்ச் என்று பாருங்கள்.

மெதுவாக ஓடினால்

மோட்டாரிலிருந்து லிங்கேஜைக் கழற்றிவிட்டு, மோட்டாரைத் தனியாக ஓட்டுங்கள். சுறுசுறுப்பாக ஓடினால் குற்றவாளி லிங்கேஜ். ஆர்ம்களைக் கையால் அசைத்துப் பாருங்கள் (லிங்கேஜ் கழன்றிருப்பதால் இப்போது அசைக்கலாம்). இறுக்கமாக இருந்தால் ஸ்பிண்டில் துருப்பிடித்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். தனியாகவும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்றால், முதலில் சுமையோடு வோல்டேஜ் பாருங்கள், பிறகு மோட்டாரைத் திறங்கள். பிரித்துச் செய்யக்கூடிய வகையாக இருந்தால் கார்பன் பிரஷ் தேய்வு, காய்ந்துபோன கிரீஸ், அழுக்கான கம்யூட்டேட்டர் இவற்றைச் சரிசெய்யலாம். கம்யூட்டேட்டருக்கு மெல்லிய உப்புத்தாள் போதும். எமரி பேப்பர் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும்.

வேகத்தைக் கண்ணளவில் சொல்லாமல் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிப்படி, வேகமான நிலையில் நிமிடத்துக்குக் குறைந்தது 45 சுற்று, மெதுவான நிலையில் குறைந்தது 20, இரண்டுக்கும் குறைந்தது 15 வித்தியாசம் வேண்டும். போய்த் திரும்பினால் ஒரு சுற்று. நம் பட்டறைக்கும் இது நல்ல அளவுகோல்.

வைவாவில் கேட்பார்கள்!

கேள்வி: ரெசிஸ்டர் இல்லாமலேயே இரண்டு வேகம் எப்படி வருகிறது?
பதில்: மூன்று பிரஷ். பொது பிரஷுக்கு நேர் எதிரே இருப்பது லோ ஸ்பீடு பிரஷ். சற்றுத் தள்ளி ஒரு கோணத்தில் இருப்பது ஹை ஸ்பீடு பிரஷ். அதன் வழியாகக் கரண்ட் போகும்போது, எதிர் மின்னழுத்தம் உண்டாக்கும் சுற்றுகள் குறைகின்றன. அதே வோல்டேஜை ஈடுகட்ட ஆர்மெச்சூர் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு வேகம் மட்டும் இல்லை என்றால், அந்த பிரஷையும் அதன் வயரையும் பாருங்கள்.

கேள்வி: ஆஃப் செய்தாலும் பிளேடு அடிக்கு வந்துதான் நிற்கிறது. எப்படி?
பதில்: கியரோடு சேர்ந்த பார்க்கிங் ஸ்விட்ச். நாம் ஆஃப் செய்த பிறகும், பிளேடு அடிக்கு வரும்வரை நிரந்தர பாசிட்டிவிலிருந்து இதன் வழியாகக் கரண்ட் போகும். அடிக்கு வந்ததும் சப்ளையை வெட்டி, பிரஷை எர்த்தோடு இணைக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்த நொடியில் ஜெனரேட்டராக மாறி, தன்னைத்தானே பிரேக் போட்டுக்கொள்ளும். இதுதான் டைனமிக் பிரேக்கிங். நடுவழியில் நின்றால் நிரந்தர பாசிட்டிவ் வரவில்லை, அல்லது காண்டாக்ட் கரிந்திருக்கிறது. அடிக்கு வந்தும் நிற்காமல் தாண்டி ஓடினால் எர்த் பக்கக் காண்டாக்டைப் பாருங்கள்.

ஓடுகிறது, துடைக்கவில்லை

நிறைய வண்டிகளில் நோய் இங்கேதான்.

அ) மெல்லிய நீளக்கோடு – ரப்பர் விளிம்பில் வெட்டு அல்லது மண். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் ரப்பர் மாற்றுங்கள்.

ஆ) பனி மூடியது போலப் படலம் – டீசல் புகையும் எண்ணெயும் கண்ணாடியில் படிந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். புது பிளேடு போட்டும் படலம் போகவில்லை என்பவர்கள் கண்ணாடியைக் கழுவாதவர்கள்!

இ) ஒரே இடத்தில் பட்டையாகத் துடைக்காமல் விடுவது – பிளேடு சட்டம் வளைவு, அல்லது ஆர்ம் ஸ்பிரிங் தளர்வு. பிளேடு நீளத்தில் ஒரு செ.மீ.க்குச் சுமார் 15 கிராம் அழுத்தம் வேண்டும், 40 செ.மீ. பிளேடுக்குச் சுமார் 600 கிராம். ஸ்பிரிங் தராசால் ஆர்ம் நுனியைத் தூக்கி அளக்கலாம்.

ஈ) போகும்போது சரி, வரும்போது 'கடகட' – ரப்பர் விளிம்பு எப்போதும் மாட்டின் வால் மாதிரி பின்னால் சாய்ந்து இழுபட வேண்டும், ஒவ்வொரு கோடியிலும் மறுபக்கம் புரள வேண்டும். ஆர்ம் முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் புரளாமல் குத்தி நிற்கும். பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஆர்மை லேசாகத் திருப்பி நேராக்குங்கள். ரப்பர் வெயிலில் விறைத்திருந்தாலும் இதே சத்தம் வரும்; அதற்கு மருந்து புது ரப்பர்தான்.

ரப்பர் மிருதுவாகட்டும் என்று டீசல், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். ரப்பர் ஊதிக் கெடும், கண்ணாடியும் மங்கும். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால், ஒரு மணி நேர மழையில் ரப்பர் 5,400 தடவை கண்ணாடியில் உரசுகிறது. வெயில் காலம் முடிந்து முதல் மழைக்கு முன் ரப்பரை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் ஊருக்குக் கட்டாயம் வேண்டும்.

புதிய வண்டிகள்

இப்போது மழையைத் தானே உணரும் வைப்பர்கள் வந்துவிட்டன. கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாக அனுப்புவார்கள். கண்ணாடி காய்ந்திருந்தால் ஒளி முழு அக எதிரொளிப்பால் திரும்பிவிடும். துளி விழுந்தால் கொஞ்சம் வெளியே கசியும். திரும்பும் ஒளி குறைவதைப் பார்த்து வைப்பர் ஓடும். இவ்வகை வண்டிகளில் ஸ்விட்ச் நேராக மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. கன்ட்ரோல் யூனிட்டிடம் 'ஓட்டு' என்று சொல்வதோடு சரி. அங்கே ஸ்கேனர் தேவைப்படும். மோட்டாருக்குள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருந்தால் பேட்டரியிலிருந்து நேரடி சப்ளை கொடுத்துச் சோதிக்காதீர்கள். ஆனால் எர்த் துருப்பிடிப்பதும், ஆர்ம் நட்டு தளர்வதும், ரப்பர் காய்வதும் அங்கேயும் உண்டு. எளியதை முதலில் பார்ப்பது எந்த வண்டிக்கும் மாறாத விதி.

முடிவாக...

வேலை முடிந்ததும் மோட்டாரை ஒருமுறை ஓட்டி, பார்க்கிங் நிலையில் நிற்க வைத்த பிறகே ஆர்மை மாட்டுங்கள். கழற்றும் முன்பே கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கண்ணாடியை நனைத்து இரண்டு வேகத்திலும் ஓட்டிக் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். "இதுதாங்கண்ணா போயிருந்துச்சு" என்று காரணத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் சிலர் சென்னை, ஓசூர் பக்கம் பெரிய கம்பெனிக்குப் போவோம். சிலர் சொந்த ஊரில் பட்டறை போடுவோம். எங்கே இருந்தாலும், பாகத்தை மாற்றுவதற்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். எதை மாற்றக் கூடாது என்று சொல்லத்தான் மூன்று வருஷப் படிப்பு. ஐப்பசி மழையில், நடுராத்திரியில், யாரோ ஒருவர் நாம் சரிசெய்த வைப்பரை நம்பி வண்டி ஓட்டுவார். அவருக்கு ரோடு தெரிய வேண்டும். அவ்வளவுதான்.